ஃபேமிலி மெடிசின் சீட் எடுக்கும் முன் அந்த ஓபியில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்

டாக்டர்கள் முதுநிலைப் படிப்புக்கு எழுதும் நீட் பிஜி ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அக்கா, ஃபேமிலி மெடிசின் எடுக்கலாம்னு இருக்கேன், எந்த ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்?" நான் ஒரு பெயரைச் சொன்னால் அதைச் சாய்ஸ் லிஸ்டில் முதலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு பெயரை நம்பித்தான் நானும் போனேன். அத்தனை படுக்கை, வாசலில் செயற்கை நீரூற்று, வரிசையாக ஆபரேஷன் தியேட்டர் என்று பார்த்து மயங்கிச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஃபேமிலி மெடிசினுக்கு என்று ஒரு மேஜை நாற்காலிகூடக் கிடையாது. முதல் வருடம் முழுக்க டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்ட்டாகப் போய் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதினேன், கையெழுத்து மட்டும் நன்றாக முன்னேறியது. அது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், இப்போது மாறியிருக்கலாம். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் அங்கே படிப்பு நடக்கிறதா, இல்லை வேலை மட்டும் வாங்குகிறார்களா என்று ஒரே நாளில் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது சேலம் கோரிமேடு பக்கம் ஒரு சின்ன கிளினிக். வாரத்தில் இரண்டு நாள் ஏற்காட்டில் எஸ்டேட் ஆட்களைப் பார்க்க மேலே போவேன். அதனால் உதாரணம் எல்லாம் இந்த ஊராகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு என்ன என்று தெரியாதவர்களுக்கு

எல்லா வயதுக்காரரையும் எந்த நோய்க்கும் முதலில் பார்க்கும் குடும்ப டாக்டராவதற்கான முதுநிலைப் படிப்பு இது, எம்பிபிஎஸ் முடித்து 3 வருடம். பெரும்பாலும் எம்டிக்கு இணையான டிஎன்பி சீட்தான், 1975-ல் தொடங்கி 1982-ல் தனி அமைப்பாக ஆன தேசியத் தேர்வு வாரியம் நடத்துவது. எம்டி சீட் குறைவு. மருத்துவக் கவுன்சில் அங்கீகாரத்தோடு எம்டியை முதலில் தொடங்கியது கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி. 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே ஃபேமிலி மெடிசின் முதுநிலைப் படிப்பை ஊக்குவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியது எழுதியபடி இருக்கட்டும், ஊரில் யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த செய்தியை என் சித்தி கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னபோது பக்கத்து இலைக்காரர், "ஓ, குடும்பக் கட்டுப்பாடு டாக்டரா?" என்று கேட்டார். அடுத்த மூன்று வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தால் மேலே படியுங்கள்.

அதே நோயாளி மறுபடியும் வருகிறாரா?

என்னைக் கேட்டால் ஒரு ஃபேமிலி மெடிசின் பயிற்சியின் பலம் இந்த ஒரு கேள்விக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும். நீங்கள் பார்த்த நோயாளி, உங்களிடமே, மறுபடி மறுபடி, மூன்று வருடமும் வருகிறாரா? பார்பரா ஸ்டார்ஃபீல்டு என்ற அமெரிக்க மருத்துவர் முதல்நிலை மருத்துவத்துக்கு நான்கு தூண் சொன்னார். எந்த நோய்க்கும் முதலில் வந்து நிற்கும் இடமாக இருப்பது, தொடர்ந்து பார்ப்பது, பாகுபாடில்லாமல் எல்லாவற்றையும் பார்ப்பது, மற்ற டாக்டர்களிடம் அனுப்பினாலும் நூலை நாமே பிடித்துக்கொண்டிருப்பது. இதில் இரண்டாவதைப் புத்தகத்திலோ லெக்சரிலோ சொல்லித்தரவே முடியாது, நாள் ஓடித்தான் வரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மேலே எஸ்டேட் கிளினிக்குக்கு ஒரு அம்மா வருவார், நாற்பத்தைந்து வயது இருக்கும், காபி பறிக்கிற வேலை. பிபி 160/100. மாத்திரை கொடுத்தேன், அடுத்த முறையும் அதே 160. டோஸைக் கூட்டினேன், அப்போதும் இறங்கவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால், "போடறனுங்க" என்று தலையை ஆட்டுவார். அட்டையை எண்ணிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடுவார் என்று பிறகுதான் தெரிந்தது. நான்காவது தடவை, அவர் மகளுக்கு ஜுரம் என்று கூட்டி வந்தபோது, மகளைப் பார்த்து முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு அடிக்கடி வருதுங்க. காட்டுக்குள்ள ஆம்பளைங்க எல்லாம் நிக்கறப்ப எங்கங்க போறது?" அவ்வளவுதான் விஷயம். நான் கொடுத்த மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்திருந்தது. வேறு மருந்துக்கு மாற்றினேன், இரண்டு மாதத்தில் 130-க்கு வந்துவிட்டது. முதல் தடவையிலேயே நான் கேட்டிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் கேட்டிருந்தாலும் முதல் தடவையிலேயே சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

இந்த மாதிரி ஒரு நான்காவது தடவை உங்கள் பயிற்சியில் வருமா? வார்டு மட்டுமே உள்ள இடத்தில் வராது. அங்கே ஐந்து நாள் பார்ப்பீர்கள், டிஸ்சார்ஜ், போச்சு. ஃபேமிலி மெடிசினுக்கென்று தனி ஓபி (வெளிநோயாளிகள் பிரிவு) இருந்து, நீங்கள் மெடிசின் போஸ்டிங்கில், அதாவது அந்த டிபார்ட்மெண்ட்டில் சில மாத வேலையில் இருந்தாலும் சர்ஜரி போஸ்டிங்கில் இருந்தாலும் வாரத்தில் ஒரு அரை நாளாவது அந்த ஓபிக்குத் திரும்பி வரவேண்டும் என்று விதி வைத்திருந்தால்தான் வரும். போய்க் கேளுங்கள். "தனி ஓபி இருக்கு" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அதோடு விடாமல், இரண்டாம் வருடப் பிஜி (முதுநிலை மாணவர்) ஒருவரைப் பிடித்து, "நீங்க ஐந்து தடவைக்கு மேல பார்த்த ஒரு பேஷண்டைப் பத்திச் சொல்லுங்க" என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் அவர் முகத்தில் உடனே ஒரு சிரிப்போ சலிப்போ வரும், "அய்யோ, ஒரு தாத்தா இருக்கார்" என்று கதை தொடங்கும், தாத்தாவின் மருமகள் அவருக்குச் சர்க்கரை போட்ட டீ கொடுப்பது வரைக்கும் வரும். யோசித்து, யோசித்து, ஒரு கேஸின் பெயரைச் சொன்னால், அதாவது "ஒரு எஸ்எல்இ கேஸ் பார்த்தேன்" என்கிற மாதிரி நோயின் பெயரைச் சொன்னால், அங்கே தொடர்ச்சி இல்லை.

அப்புறம் மஞ்சப்பை. நம் ஊர் ஓபியில் பாதிப் பேர் ஒரு மஞ்சப்பையோ துணிக்கடைப் பையோ கொண்டு வருவார்கள், உள்ளே ஏழெட்டு வருடத்துச் சீட்டு, ஸ்கேன் கவர், மாத்திரை அட்டை, நடுவில் ரேஷன் கார்டு. அந்தப் பையைப் பிஜி என்ன செய்கிறார் என்று பாருங்கள். மேஜையில் கொட்டி, தேதி வாரியாக அடுக்கி, இரண்டு டாக்டர்கள் இரண்டு கம்பெனி பெயரில் ஒரே மாத்திரையை எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கிறாரா, இல்லை "இன்னைக்கு என்ன பிரச்சனை அதைச் சொல்லுங்க" என்று பையை ஓரமாகத் தள்ளுகிறாரா? தள்ளுகிறவரைத் திட்டிப் பயனில்லை. வரிசையில் நூறு பேர் நின்றால் நானும் தள்ளுவேன். ஒரு பிஜிக்கு ஓபியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், நூறு பேர் பார்த்தால் அனுபவம் கூடும் என்று சீனியர்கள் பெருமையாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

போஸ்டிங்: எத்தனை மாதம் என்பதைவிட என்ன செய்தீர்கள்

மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, குழந்தைகள் இந்த நான்கும் எல்லா இடத்திலும் இருக்கும். அதற்கு மேல் தோல், கண், காதுமூக்குத்தொண்டை, எலும்பு, மனநலம், மயக்க மருந்து, கேஷுவாலிட்டி. மனநலத்தைக் கடமைக்கு ஒரு வாரம் போட்டிருந்தால் அது ஒரு குறை. பொது ஓபிக்குத் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை என்று வருகிறவர்களில் எத்தனை பேருக்கு மனசுதான் காரணம் என்று கிளினிக்கில் உட்கார்ந்த முதல் மாதமே தெரிந்துவிடும்.

அட்டவணையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மகப்பேறு 4 மாதம் என்று போட்டிருக்கும், ஆனால் அந்த டிபார்ட்மெண்ட்டுக்கு என்று சொந்தப் பிஜிக்கள் இருப்பார்கள், டெலிவரி எல்லாம் அவர்களுக்கு, நீங்கள் ஓரமாக நின்று பிபி பார்ப்பீர்கள். மாமியார் வீட்டில் மூன்றாவது மருமகள் மாதிரி, வேலைக்கு உண்டு, முடிவெடுக்கும் இடத்தில் கிடையாது. அதனால் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். தானே செய்தது எத்தனை, உதவிக்கு நின்றது எத்தனை, வெறுமே பார்த்தது எத்தனை என்று அதில் தனித்தனியாக இருக்கும். டெலிவரி, தையல், சீழ்க்கட்டி கீறியது, காப்பர் டி வைத்தது, பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைத்தது, இவை "தானே செய்தது" பக்கத்தில் இருக்கிறதா? எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதின மாதிரி இருந்தால் உங்களுக்கே புரியும்.

மாவட்ட ரெசிடென்சி என்று 3 மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி முதுநிலைப் படிப்புகளுக்கு வந்திருக்கிறது. மற்ற பிரிவு நண்பர்கள் அதைத் தண்டனையாகப் பார்ப்பார்கள். நமக்கு அது லட்டு மாதிரி, அதை எந்த ஊரில் போடுகிறார்கள், அங்கே வேலை செய்ய விடுகிறார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

ஊர் நோய் தெரிகிறதா

ஃபேமிலி டாக்டர் என்றால் குடும்பத்தோடு சேர்த்து ஊரும் தெரிய வேண்டும். சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம், தர்மபுரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளையைப் பார்த்ததும் "பல்லு விளக்கறதில்லையா?" என்று கேட்கும் டாக்டரையும், "வீட்டுல போர் தண்ணியா, காவிரித் தண்ணியா?" என்று கேட்கும் டாக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், பயிற்சி என்றால் என்ன என்று தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, இளம்பிள்ளையில் தறி. தறிக்காரருக்குக் காது மந்தமாக இருந்தால் வயசாச்சு என்று விட்டுவிடக் கூடாது. இதெல்லாம் சிலபஸில் ஒரு வரியில் இருக்கும். ஓபியில் பேஷண்டிடம் "என்ன வேலை பாக்கறீங்க?" என்ற கேள்வியைக் கேட்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள், எட்டு நாள் ஜுரம், இரண்டு இடத்தில் டிரிப்ஸ் ஏற்றியாகிவிட்டது, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. அன்றைக்கு என்னோடு உட்கார்ந்திருந்த பிஜி பெண் ஒன்றும் பேசாமல் திரையை இழுத்துவிட்டு, அக்குள், மார்புக்கு அடியில் என்று தேடிக்கொண்டே வந்து, பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் காட்டினாள். வலியில்லாத பொருக்கு, அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் ஒட்டுண்ணிப் பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் போட்ட மறுநாள் சாயங்காலமே ஜுரம் இறங்கியது. உங்கள் வருங்கால ஆஸ்பத்திரியில் காரணம் தெரியாத ஜுரம் என்று வந்தால் சீனியர் முதலில் லேப் ஃபார்ம் எடுக்கிறாரா, திரையை இழுக்கிறாரா? (இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம்.)

கேஷுவாலிட்டிக்கும் ஒரு பார்வை. அங்கே சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடி டெஸ்ட் ட்யூப் எங்கே இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பாம்புக் கடி வந்தால் 2 மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்து, உறைகிறதா, இல்லை விஷத்தால் உறையாமல் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். இது மெஷின் இல்லாமல் எந்த மலைக் கிராமத்திலும் செய்யக்கூடிய பரிசோதனை. பிளாஸ்டிக் ட்யூபில் விட்டாலோ, சோப்பு போட்டுக் கழுவிய ட்யூபில் விட்டாலோ முடிவு தப்பாக வரும். பெட்டியைத் திறந்து ட்யூபை எடுத்துக் காட்டினார்கள் என்றால் அந்த கேஷுவாலிட்டியில் நீங்கள் நிறையக் கற்றுக்கொள்வீர்கள். "லேபுக்கு அனுப்பிடுவோம் மேடம்" என்றால் பாம்புக் கடி அங்கே வருவதே இல்லை, அல்லது வந்தாலும் பிஜி கைக்கு வருவதில்லை. விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான் தயாராகிறது, மலையில் பச்சை மூங்கில் விரியன் கடித்து வந்தவருக்கு இதை ஏற்றிப் பிரயோஜனம் இல்லை என்பதை எனக்கு ஒரு சீனியர் டீக்கடையில் நின்றுதான் சொல்லிக்கொடுத்தார், வகுப்பில் இல்லை.

அனுப்புவதும் ஒரு வித்தை

ஏற்காட்டுக்குச் சேலத்தில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, பனி இறங்கிவிட்டால் வண்டி ஊர்ந்துதான் வரும். நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கம் என்றால் முதலில் ஏற்காட்டுக்கே வர வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு குழந்தை இழுப்போடு வந்தால், இங்கேயே வைத்துப் பார்ப்பதா, 108-ஐக் கூப்பிட்டுக் கீழே அனுப்புவதா, அனுப்பினால் வளைவில் பாதி வழியில் என்ன ஆகும், அதற்கு முன் என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்? நகரத்து ஆஸ்பத்திரியில் படித்தவருக்கு ரெஃபர் என்றால் லிப்டில் இரண்டு மாடி. அதனால் பயிற்சியில் ஒரு சின்ன இடம், ஒரு கிராம சென்டரோ ஆரம்ப சுகாதார நிலையமோ, மாதக்கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ராத்திரி போன் எடுத்துப் பதில் சொல்ல ஒரு சீனியர் இருக்கிறாரா என்பதையும் சேர்த்து. தனியாக விட்டுவிட்டு அதைப் பயிற்சி என்று சொல்லும் இடமும் உண்டு.

ரெஃபர் லெட்டர் ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். "மேல் சிகிச்சைக்காக" என்று ஒரே வரியா, இல்லை இதுவரை என்ன ஆயிற்று, என்ன கொடுத்தோம், என்ன சந்தேகம், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அரைப்பக்கமா? அதற்குப் பதில் கடிதம் வாங்கி ஃபைலில் வைத்திருந்தார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். நான் பார்த்த வரையில் அபூர்வம்.

வீட்டுக்குப் போவதும் இதில் சேரும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதில் இருந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. மாத்திரை போகும் வீட்டுக்குப் பிஜியும் போகிறாரா? படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு முதுகில் புண் எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வீட்டில் ஓலைப் பாயையும், அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரே ஆளாக நிற்கும் எழுபது வயது மனைவியையும் பார்த்தால் தெரியும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வது சுலபம். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவதாக உண்டாகி வரும் பெண்ணை ஓபியில் பார்க்கும்போது, ஹீமோகுளோபினோடு சேர்த்து, கூட வந்த மாமியார் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் அடுத்தது.

யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்

பல ஆஸ்பத்திரிகளில் ஃபேமிலி மெடிசின் கைடு என்று இருப்பவர் பொது மருத்துவரோ, வேறு பிரிவுக்காரரோ. அது குற்றமில்லை, எனக்குச் சர்ஜன் ஒருவர் கற்றுக்கொடுத்த அளவு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் முழுநேரமாக, இதையே பிழைப்பாகச் செய்யும் ஃபேமிலி பிசிஷியன் ஒருவராவது இல்லாத இடத்தில், மூன்று வருடம் முடிந்ததும் நீங்கள் கொஞ்சம் மெடிசின், கொஞ்சம் குழந்தை, கொஞ்சம் மகப்பேறு தெரிந்த ஆளாக வெளியே வருவீர்கள். அதெல்லாம் சேர்ந்து ஒரு டாக்டராக ஆவதை யாராவது செய்து காட்ட வேண்டுமே.

அவர் நீங்கள் பேஷண்டிடம் பேசுவதை உட்கார்ந்து கேட்பாரா? கேஸ் சொல்லச் சொல்லி மடக்கும் வைவாவை நான் சொல்லவில்லை. ரூமின் மூலையில் நாற்காலி போட்டு, வாய் திறக்காமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, பேஷண்ட் போனபிறகு, "அவங்க மூணு தடவை அண்ணனைப் பத்திச் சொன்னாங்க, நீ ஒரு தடவைகூட என்னாச்சுன்னு கேக்கலையே" என்று சொல்கிற ஆள். அந்த அண்ணன் போன மாதம் மாரடைப்பில் போயிருப்பார், இந்த அம்மாவின் நெஞ்சுவலி அங்கே இருந்து வந்திருக்கும். "என்னவா இருக்கும்னு நினைச்சு பயந்தீங்க?" என்ற ஒரு கேள்வி எத்தனை ஈசிஜியை மிச்சப்படுத்தும் என்று எனக்கு இப்படித்தான் தெரிந்தது. நான் கடைசி வருடம் வேறு சென்டருக்குப் போஸ்டிங் போனபோது கிடைத்தவர் அவர், இரண்டே மாதம்தான்.

தீசிஸ் (ஆய்வேடு) பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆனால் தீசிஸ் ஏற்கப்படாமல் டிகிரி இல்லை என்பதால் முந்தைய பேட்ச் எப்போது முடித்தார்கள் என்று கேளுங்கள். தலைப்பு சின்னதாக, உங்கள் சொந்த ஓபியில் கிடைக்கும் ஆட்களைக் கொண்டு முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். காபி பறிக்கும் சீசனில் எஸ்டேட் ஆட்களைச் சந்தித்துக் கேள்வித்தாள் நிரப்புவேன் என்று கிளம்பாதீர்கள், கூலி நாளில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார வைப்பதும் பாவம்.

பணம், சாப்பாடு, தூக்கம்

ஸ்டைபண்ட் எவ்வளவு என்பதை நிர்வாகத்திடம் கேட்காமல் பிஜியிடம் கேளுங்கள், எந்தத் தேதியில் அக்கவுண்டில் ஏறுகிறது என்பதையும். டியூட்டி மறுநாள் லீவா, அரை நாளா, ஒன்றும் கிடையாதா. பெண்கள் டியூட்டி ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், சொல்லிக் கேட்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா. இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை, இவை சரியில்லாத இடத்தில் எந்தப் பாடமும் மண்டையில் ஏறாது.

முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்

போன மூன்று பேட்ச்சில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். எல்லாரும் ஏதோ ஒரு கார்ப்பரேட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்க்கிறார்கள் என்றால், அந்தப் பயிற்சி எதற்கு ஆள் தயாரிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஒருவர் ஆத்தூரிலோ வாழப்பாடியிலோ கிளினிக் போட்டிருக்கிறார், ஒருவர் அரசுப் பணிக்குப் போனார், ஒருவர் மிஷன் ஆஸ்பத்திரியில், ஒருவர் வெளிநாட்டில் என்று பரவியிருந்தால் நல்லது. அதில் கிளினிக் போட்டவருக்கு ஒரு போன் போட்டு, "முதல் வருஷம் கிளினிக்ல உட்கார்ந்தப்ப எது தெரியாம முழிச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியல்தான் அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்காத பாடம். என்னைக் கேட்டால் என் பட்டியலில் முதலில் வருவது தோல், இரண்டாவது கணக்கு வழக்கு.

ஒரு நாள் போகும் விதம்

திங்கட்கிழமை போங்கள், ஞாயிறு முழுக்கச் சேர்ந்த கூட்டம் வரும், ஓபியின் நிஜ முகம் அன்றைக்குத்தான் தெரியும். முதல் நாளே போன் செய்து அனுமதி கேளுங்கள். "சீட் எடுக்க யோசிக்கிறேன், அரை நாள் ஓபியில் ஓரமா உட்காரலாமா?" என்றால் போதும். வேண்டாம் என்று சொல்லும் இடம் உங்களுக்கு வேலையை மிச்சம் செய்துவிட்டது. காலை எட்டு மணிக்குப் போய்விடுங்கள், டிபன் முடித்துக்கொண்டு, ஏனென்றால் பிஜிக்கள் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், நடுவில் நீங்கள் மட்டும் எழுந்து போனால் நன்றாக இருக்காது. வெள்ளைக் கோட்டு வேண்டாம். பேஷண்டிடம் நீங்கள் யார் என்று சொல்லச் சொல்லுங்கள், யாராவது சங்கடப்பட்டால் வெளியே வந்துவிடுங்கள். போனை எடுக்காதீர்கள். ஒரு பாக்கெட் நோட்டில் இரண்டே கணக்கு: இதற்கு முன் இதே பிஜியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம். மதியம் பிஜிக்களோடு மெஸ்ஸுக்குப் போங்கள். அங்கே கன்சல்டண்ட் இல்லாமல் பேச்சு வரும், தட்டுவடை செட் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் இன்னும் வேகமாக வரும்.

கிளம்பும்போது ஓபி வாசலில் டோக்கன் கொடுக்கும் அட்டெண்டர் அண்ணனிடம் இரண்டு நிமிடம் நில்லுங்கள். "இங்க வர்றவங்க யாரைக் கேட்டு வர்றாங்கண்ணா?" பெரிய டாக்டர் பெயரைத்தான் சொல்வார், அது எல்லா இடத்திலும் உண்டு. "அவர் இல்லாதப்ப?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். நான் கடைசி வருடம் போன சென்டரில் அந்த அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு டாக்டரம்மா இருக்காங்களான்னு கேப்பாங்க மேடம். ரெண்டாவது வருஷம் படிக்கிறாங்கல்ல, அவங்க. செவ்வாய், வெள்ளிதான் இருப்பாங்கன்னு சொன்னா, சரி வெள்ளிக்கிழமையே வர்றேன்னு போயிடுவாங்க."